கணினிச் சொற்கள்: எதைத் தமிழில் கற்பிப்பது, எதை அப்படியே விடுவது?

கோத்தகிரிக்கு அருகே ஒரு கிராம நூலகத்தில், சனிக்கிழமை மாலைகளில், எட்டாம் வகுப்பு முதல் பதினொன்றாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குக் கணினியும் இணையமும் சொல்லித் தருகிறேன். போன வருடம் ஒருநாள் பலகையில் ‘கடவுச்சொல்’ என்று எழுதினேன். முன்வரிசையில் இருந்த சிறுமி அதைக் ‘கடவுள்சொல்’ என்று வாசித்துவிட்டு, “அதனால்தான் எங்கள் அப்பா போனில் ஹெத்தையம்மன் பெயரை வைத்திருக்கிறாரா, டீச்சர்?” என்று கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. பாதிப் பேர் வீட்டில் அப்படித்தான் இருந்தது. அன்றைக்கு இரண்டு பாடம் நடத்த வேண்டியதாயிற்று. ஊரே அறிந்த பெயரைக் கடவுச்சொல்லாக வைக்கக் கூடாது என்பது ஒன்று. ‘கடவு’ என்றால் வழி, கடந்து செல்லும் இடம். வெளிநாடு போகிறவர் கையில் இருக்கும் கடவுச்சீட்டிலும் அதே சொல்தான் இருக்கிறது என்பது மற்றொன்று.

‘பாஸ்வேர்ட்’ என்று எழுதியிருந்தால் அந்தக் குழப்பம் வந்திருக்காது. வாசலில் நிற்கும் காவலாளியிடம் சொன்னால்தான் உள்ளே விடுவார் என்ற படமும் அந்தப் பிள்ளைகள் மனத்தில் விழுந்திருக்காது. அன்று முதல் ஒவ்வொரு சொல்லையும் தமிழிலும், ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதியும், அருகருகே வைத்து நிறுத்துப் பார்க்கத் தொடங்கினேன். நான் கேட்பவை இரண்டே கேள்விகள். சொல்லைக் கேட்டதும் அந்தப் பொருளின் வேலை புரிகிறதா? வகுப்பை விட்டு வெளியே போனதும் பிள்ளை அதே சொல்லை எங்கே சந்திக்கும்?

‘தாய்மொழி’ என்ற காரணத்தை மட்டும் வைத்து நீலகிரியில் இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. என் வகுப்பில் நீலகிரிப் படுகர்களின் மொழியான படுகு பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். கூடலூர்ப் பக்கமிருந்து வந்த, வீட்டில் மலையாளம் பேசும் பையன் ஒருவனும் இருக்கிறான். படுகு பேசும் பிள்ளைக்கு ‘மென்பொருள்’ பள்ளிக்கூடத்தில் வந்து சேரும் சொல். ‘சாஃப்ட்வேர்’ என்பதும் அப்படியே. இரண்டும் வெளியிலிருந்து வருவதால், எது நன்றாக விளக்குகிறதோ அதற்கே இடம் தருகிறேன்.

மென்பொருளும் சாஃப்ட்வேரும்

இதில் போட்டியே இல்லை. வன்பொருள், மென்பொருள் என்ற இணை தன்னைத் தானே விளக்கிக்கொள்கிறது. தேயிலை ஆலையைப் பார்க்காத பிள்ளை இங்கே இல்லை. இலை வாட்டும் தொட்டியும், அரைக்கும் இயந்திரமும், உலர்த்தியும் வன்பொருள். எத்தனை மணி நேரம் வாட்டுவது, எவ்வளவு நேரம் நொதிக்க விடுவது, எந்தச் சூட்டில் உலர்த்துவது என்ற முறை மென்பொருள். அதே இயந்திரங்களில் முறையை மாற்றினால் வேறு தூள் வரும். இதை ஒரு முறை சொன்னால் போதும்.

மடிக்கணினி என்ற சொல்லை நான் கற்பிக்கவே வேண்டியிருக்கவில்லை. 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. பொருளும் பெயரும் ஒன்றாகக் கைக்கு வந்ததால் அண்ணனும் அக்காவும் அந்தச் சொல்லையே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ‘கணிப்பொறி’, ‘கணனி’, ‘கணினி’ என்று மூன்று வடிவங்கள் பல ஆண்டுகள் மோதிக்கொண்ட இடத்தில், ஒரு திட்டத்தின் பெயர் வீட்டுக்குள் புகுந்து பழகிவிட்டது.

இணையம், இணையதளம், நெட்

என் வகுப்பில் மிக அதிக நேரம் பிடிக்கும் இடம் இது. ‘நெட் இல்லை’ என்று பிள்ளைகள் சொல்லும்போது நான்கு வெவ்வேறு விஷயங்கள் அதற்குள் ஒளிந்திருக்கின்றன: போனில் தரவு தீர்ந்திருக்கலாம், கோபுரச் சிக்னல் இல்லாதிருக்கலாம், ஒரு தளம் மட்டும் இயங்காதிருக்கலாம், ஒரு பக்கம் மட்டும் நீக்கப்பட்டிருக்கலாம். ஆங்கிலச் சொல் இங்கே எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறது.

தமிழ் இதைவிடத் தெளிவானது. இணையம், வலை, தளம், பக்கம் என்று நான்கு தனித்தனிச் சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. ஆனால் நாமே அதைக் கெடுத்துவிடுகிறோம். ‘இணையதள சேவை துண்டிப்பு’ என்று செய்தியில் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது. துண்டிக்கப்பட்டது இணைய சேவை. தளம் என்பது அதன் வழியாக நாம் போய்ச் சேரும் ஓர் இடம்.

பிள்ளைகளிடம் சாலையைக் காட்டித்தான் சொல்வேன். இணையம் சாலை. அதில் பஸ் போகிறது, தபால் போகிறது, பச்சை இலை ஏற்றிய லாரி போகிறது. வலை, அதாவது தளங்களும் பக்கங்களும் சேர்ந்த ‘வெப்’, அந்தப் பஸ் சேவை மட்டும். வாட்ஸ்அப் செய்தியும் மின்னஞ்சலும் வலைத்தளம் எதையும் திறக்காமலே அதே சாலையில் ஓடுகின்றன. சாலைதான் மூத்தது. இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் 1969இல் இயங்கத் தொடங்கியது. வலையை டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் 1989இல்தான் முன்மொழிந்தார். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அதை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று விட்டுக்கொடுத்தது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. இந்தத் தேதிகளை வரிசையாகச் சொன்னதும், இணையமும் வலையும் ஒன்றில்லை என்பதைப் பிள்ளைகள் மறப்பதில்லை.

பொதியும் பாக்கெட்டும்

இணையத்தில் போகும் தரவு சிறு துண்டுகளாகப் பிரிந்தே போகிறது. அந்தத் துண்டுக்கு ஆங்கிலத்தில் ‘பாக்கெட்’ என்று பெயர். ஆனால் ‘பாக்கெட்’ என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு டீத்தூள் பாக்கெட். பெரிய சரக்கு சிறு கட்டுகளாகப் பிரிகிறது என்ற அளவில் அந்தப் படம் சரியே. ஆனால் டீத்தூள் பாக்கெட்டின் மேல் போய்ச் சேர வேண்டிய முகவரி இருக்காது. ‘பொட்டலம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது சுண்டலை நினைவூட்டுகிறது. ‘பொதி’ எனக்கு மிகவும் பிடித்த சொல். பொதி என்றால் சுமந்து ஓரிடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது. பயணம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

வலையமைப்பில் ஓடும் பொதி பெரும்பாலும் 1,500 பைட்டுக்குள் அடங்கும். 1.5 மெகாபைட் அளவுள்ள ஒரு புகைப்படத்தை அனுப்பினால் அது ஏறக்குறைய ஆயிரம் பொதிகளாக உடைந்து போகும். ஒவ்வொன்றின் மேலும் அனுப்பியவர், பெறுபவர் முகவரிகளும் வரிசையைக் குறிக்கும் எண்ணும் இருக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் பர்லியாறு, குன்னூர் வழியாகவும் ஏறலாம், கோத்தகிரி வழியாகவும் ஏறலாம். ஒரு பாதையில் மண் சரிந்தால் பஸ்களை மறு பாதையில் திருப்பிவிடுவார்கள். பொதிகளும் அப்படித்தான். வேறு வேறு பாதையில் முன்பின்னாக வந்து சேர்ந்தாலும், எண்ணைப் பார்த்து அடுக்கினால் படம் முழுதாகிவிடும். வழியில் தொலைந்த பொதியை மட்டும் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மழைக்காலத்தில் இந்தப் பாடத்தை நடத்துவது எளிது. அந்த வாரம் எந்தச் சாலை அடைபட்டது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

நெறிமுறை படும் பாடு

எனக்கு மிகுந்த வருத்தம் தரும் சொல் இது. அல்காரிதத்துக்கும் ‘நெறிமுறை’ என்று எழுதுகிறார்கள், புரோட்டோகாலுக்கும் ‘நெறிமுறை’ என்று எழுதுகிறார்கள். நல்லொழுக்கத்துக்கும் அதே சொல்தான். படிக்கிற பிள்ளை எதை எதிலிருந்து பிரிக்கும்?

அல்காரிதம் என்பது ஒரு கணக்கைத் தீர்க்க ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைக்கும் படிகள். ஒருவரே தனியாகச் செய்து முடிக்கலாம். புரோட்டோகால் என்பது இரு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட விதி. ஒரு தரப்பு மட்டும் அதைப் பின்பற்றிப் பயனில்லை. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே நம் மலை ரயிலின் பல்சக்கரம் தண்டவாளங்களின் நடுவே உள்ள பல்சட்டத்தைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. சக்கரத்தின் பல்லும் சட்டத்தின் பல்லும் ஒரே அளவில் பொருந்தினால்தான் ரயில் நகரும். 1983 ஜனவரி 1 அன்று ஆர்பாநெட் டிசிபி/ஐபி என்ற விதித்தொகுப்புக்கு மாறியது. கணினிகளெல்லாம் ஒரே அளவுப் பல்லுக்கு மாறிய நாள் என்று அதைச் சொல்வேன்.

ஆகவே என் பலகையில் நெறிமுறை என்றால் புரோட்டோகால் மட்டுமே. அல்காரிதத்துக்குப் ‘படிமுறை’ என்று எழுதுகிறேன். அதுவும் புழக்கத்தில் உள்ள சொல்தான், படிப்படியாக என்ற பொருள் அதிலேயே தெரிகிறது. ஆங்கிலச் சொல்லை அப்படியே வைத்தால் என்ன என்று ஒரு பெற்றோர் கேட்டார். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த கணித அறிஞர் அல்-குவாரிஸ்மியின் பெயர் திரிந்து வந்ததே அந்தச் சொல். அவரை அறிமுகப்படுத்த அது உதவும், கருத்தை விளக்க உதவாது. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் மட்டும் ஒரு எச்சரிக்கை சொல்கிறேன்: தேர்வுத்தாளில் பாடநூலில் உள்ள சொல்லையே எழுதுங்கள், மனத்தில் இந்த வேறுபாட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

மேகம் இங்கே எடுபடாது

‘கிளவுட் கம்ப்யூட்டிங்’ என்பதற்கான ‘மேகக் கணிமை’ சமவெளியில் எடுபடலாம். இங்கே மேகம் ஜன்னல் வழியாக வகுப்புக்குள் வந்து போகும். மாணவி ஒருத்தியோடு வந்த தம்பி, “மழை பெய்தால் போட்டோவெல்லாம் நனைந்துவிடுமா?” என்று கேட்டான். கண்முன் நிற்கும் ஒன்றின் பெயரைக் கண்ணில் படாத ஒன்றுக்கு வைத்தால் அந்தக் கேள்வி வரத்தான் செய்யும். வலையமைப்பு வரைபடங்களில், விவரம் காட்டாத பகுதியை மேக வடிவில் வரைந்த வழக்கத்திலிருந்து வந்த பெயர் இது. ‘கிளவுட்’ என்றே எழுதிவிட்டு, அது ஒரு கட்டடம் என்று சொல்கிறேன். சென்னை சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் அப்படிப்பட்ட தரவு மையங்கள் இருக்கின்றன. இரவும் பகலும் மின்சாரம் வேண்டும், சூட்டைத் தணிக்கக் குளிரூட்ட வேண்டும். படம் அங்கே யாரோ ஒருவருடைய கணினியில் இருக்கிறது.

சில சொற்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பதிவிறக்கமா, தரவிறக்கமா? இரண்டும் நல்ல தமிழ். போன் திரையைத் தமிழுக்கு மாற்றினால் ‘பதிவிறக்கு’ என்று வருவதால் அதை வைத்துக்கொண்டேன். ‘சுட்டி’ மவுஸையும் குறிக்கிறது, இணைப்பு முகவரியையும் குறிக்கிறது. மவுஸை மவுஸ் என்றே விட்டுவிட்டு, சுட்டியை இணைப்புக்கு மட்டும் ஒதுக்கினேன். பிட், பைட் இரண்டும் அளவைப் பெயர்கள். கிராம், மீட்டர் போல அப்படியே இருக்கட்டும். பயிற்சிக்கு மட்டும் ஊர்ப் பெயரை எடுத்துக்கொள்கிறோம். ஊட்டியை ஆங்கிலத்தில் எழுதினால் 4 எழுத்து, 4 பைட். தமிழில் 3 எழுத்துத்தான் கண்ணுக்குத் தெரிகிறது. எழுத்துகளுக்கு எண் தரும் யூனிக்கோடு முறையில் அது 5 குறிகள். அந்தக் குறிகளைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில், குறி ஒன்றுக்கு 3 பைட் வீதம் 15 பைட். ‘ட்’ என்பது ட-வும் புள்ளியும், ‘டி’ என்பது ட-வும் இகரக் குறியும் என்று எண்ணிப் பார்த்து அவர்களே கண்டுபிடிக்கிறார்கள்.

ஓடிபி

தமிழ்ச் சொல்லை நானே விலக்கி வைத்த இடம் இது. ‘ஒருமுறைக் கடவுச்சொல்’ அழகான, பொருள் நிறைந்த பெயர். ஒரு முறைக்குமேல் செல்லாது என்பது பெயரிலேயே இருக்கிறது. வகுப்பில் பொருளை விளக்க அதைச் சொல்வேன். ஆனால் தேயிலைக் காட்டில் இலை பறித்துக்கொண்டிருக்கும் பாட்டிக்கு அழைப்பு வரும்போது, எதிர்முனையில் பேசுபவன் “ஒருமுறைக் கடவுச்சொல்லைச் சொல்லுங்கள்” என்று கேட்கப்போவதில்லை. “ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்கம்மா” என்றுதான் கேட்பான். அந்த நொடியில் காதில் விழும் ஒலியும் மனத்தில் உள்ள சொல்லும் ஒன்றாக இருந்தால்தான் நாக்கு நிற்கும்.

இந்தப் பாடத்துக்கு வீட்டுப்பாடம் ஒன்றுதான். பிள்ளைகள் ஒரு காகிதத்தில் ‘ஓடிபி யாருக்கும் சொல்லாதே’ என்று பெரிதாக எழுதி, கீழே இணையவழி மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணையும் எழுதி, வீட்டில் போன் சார்ஜ் போடும் இடத்துக்கு மேலே ஒட்டிவிட்டு வர வேண்டும்.