கேரவன் பிரேக்குக்கு 1,480 டாலர் தண்டம் - மெல்பர்ன் பக்கம் இருப்பவர்கள் கவனம்

நேற்று ராத்திரிதான் விஷயம் முழுசாகப் புரிந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது காருக்குப் பின்னால் இழுத்துப்போகிற இரண்டு ஆக்சில் (சக்கர அச்சு) கேரவன், நான்கு சக்கரத்திலும் மின்சார காந்தத்தால் பிடிக்கிற பிரேக். போன மாதத்திலிருந்து மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் கேரவன் பிரேக்குக்கு மின்சாரம் அனுப்ப காரில் இருக்கும் பிரேக் கண்ட்ரோலர், ஷார்ட் (மின்சாரம் தப்பு வழியில் பாய்கிறது) என்று காட்டும், சில விநாடியில் தானே சரியாகிவிடும். பிள்ளைகளோடு போகிற வண்டி, இதில் விளையாட முடியுமா? கேரவன் ரிப்பேர் கடை ஒன்றுக்குக் கொண்டுபோனேன்.

கவுண்டரில் இருந்தவர் என் பெயரைப் பார்த்ததும் தமிழில் பேச ஆரம்பித்தார். "வண்டியை விட்டுட்டுப் போங்கண்ணா, நம்ம வீட்டு வண்டி மாதிரி பார்த்துக்கிறேன்." அந்த ஒரு பேச்சை நம்பித்தான் எஸ்டிமேட் எழுதி வாங்கவில்லை, வேறு கடையில் விசாரிக்கவும் இல்லை. மூன்று நாள் கழித்து, நான்கு பிரேக் காந்தமும் போச்சு, கண்ட்ரோலரும் போச்சு, எல்லாம் புதுசு போட்டாச்சு என்று 1,480 டாலருக்கு பில். கட்டினேன். நல்லவேளை, பழைய காந்தங்களைக் கேட்டு வாங்கி வந்தேன்.

அடுத்த வாரம் ஹால்ஸ் கேப் போனோம். கிராம்பியன்ஸ் மலை இறக்கத்தில் அதே ஷார்ட், கேரவன் பிரேக் பிடிக்கவில்லை. பிரேக்கை மிதிக்கிறேன், இரண்டு டன்னுக்கு மேல் இருக்கிற கேரவன் பின்னாலிருந்து காரைத் தள்ளுகிறது. கியரைக் குறைத்து, ஓரம் கட்டி நிறுத்துவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது.

போன் செய்தால் முதலில் "புது பாகம், செட்டாக நாளாகும்" என்றார்கள். அப்புறம் டெக்னீஷியன் லீவு. நேரில் போனால் அந்த அண்ணா "சார்" ஆகிவிட்டது: "உங்க கார் வயரிங்கா இருக்கும் சார், அதைப் பார்க்கத் தனியா 180 டாலர். வாரண்டி பாகத்துக்குத்தான், வேலைக்கு இல்லை." அதற்குப் பிறகு போனையே எடுப்பதில்லை.

நேற்று ஒரு நண்பர் மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டரோடு வந்தார். பழைய காந்தங்களை முதலில் அளந்தோம். நான்கிலும் மூன்று ஓமுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது, நல்ல காந்தம் காட்டவேண்டிய அளவு அதுதான். ஒன்றுகூட கெட்டுப்போகவில்லை! பிறகு வண்டியில் இருக்கும் புதுக் காந்தங்களின் இணைப்பைக் கழற்றிவிட்டு, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஆக்சில் குழாய்க்குள் ஓடும் பிரேக் வயருக்கும் ஆக்சிலுக்கும் நடுவே மீட்டரை வைத்து வயரை அசைத்தார். மீட்டர் கத்தியது. உருவிப் பார்த்தால், குழாயின் விளிம்பில் உரசி உரசி ஒரு விரல் அகலத்துக்கு உறை தேய்ந்து செம்பு பளபளவென்று தெரிகிறது. குலுங்கும்போதெல்லாம் அது இரும்பில் பட்டிருக்கிறது. இதற்கு வேண்டியது சில மீட்டர் வயர். நான் கொடுத்தது 1,480 டாலர்.

என்னென்ன சோதிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. குலுங்கினால் வந்து வந்து போகிற ஷார்ட் என்றால் முதலில் வயரைப் பார்க்கச் சொல்லுங்கள், காந்தத்தை மாற்ற விடாதீர்கள். எந்தப் பாகத்தையும் அளந்து காட்டிய பிறகே மாற்றச் சொல்லுங்கள். எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள், பழைய பாகத்தை விட்டுவிட்டு வராதீர்கள். வேலைக்கு வாரண்டி இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள், செய்கிற வேலையைக் கவனத்தோடும் திறமையோடும் செய்யவேண்டும் என்று ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்திலேயே இருக்கிறது. தமிழ் பேசுகிறார் என்பதற்காக எதையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பில், பழைய காந்தங்கள், தேய்ந்த வயரின் படம் எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். திங்கட்கிழமை விக்டோரியா நுகர்வோர் துறையில் புகார் கொடுக்கிறேன். 1,480 டாலரும் திரும்பி வரும்வரை விடப்போவதில்லை.