பால்டர்ஸ் கேட்: தொடக்கநிலை வீரரின் பார்வையில் அதன் போர்முறை

1998 டிசம்பரில் பயோவேர் உருவாக்கி இன்டர்பிளே வெளியிட்ட பால்டர்ஸ் கேட் என்னும் கணினி விளையாட்டு, 2012 நவம்பரில் பீம்டாக் நிறுவனத்தின் மேம்படுத்தப்பட்ட பதிப்பாக மறுபடி வந்தது. இந்த மதிப்புரை அந்தப் புதிய பதிப்பைப் பற்றியது. கதை, ஓவியம், குரல்நடிப்பு ஆகியவற்றைப் பற்றி வேறு பலர் போதுமான அளவு எழுதிவிட்டனர். ஆர்வத்தோடு தொடங்குபவர்களில் பலர் இரண்டாம் நாளே இதைக் கைவிடுவதற்குக் காரணம் கதையும் அல்ல, ஓவியமும் அல்ல; தொடக்கச் சண்டைகளே. ஆகவே அவற்றை மட்டுமே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

இந்த விளையாட்டு, டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் மேசை விளையாட்டின் இரண்டாம் பதிப்பு விதிகளின்மேல் கட்டப்பட்டது. திரையில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டும் வெட்டிக்கொண்டும் இருப்பதுபோல் தோன்றினாலும், அடியில் ஆறு விநாடிக்கு ஒரு சுற்று என்ற கணக்கில், கண்ணுக்குத் தெரியாத இருபது முகப் பகடை உருண்டுகொண்டே இருக்கிறது. ஸ்பேஸ் விசையை அழுத்தினால் எல்லாம் உறைந்து நிற்கும். அந்த நிலையில் நம் அணியின் ஆறு பேருக்கும் கட்டளை கொடுத்துவிட்டு மறுபடி ஓடவிடலாம். புதியவர்கள் செய்யும் முதல் தவறு, இந்த விசையை அவசரத்துக்கு மட்டும் உரியதாக நினைப்பது. உண்மையில் ஒரு சண்டையின் பெரும்பகுதி நின்ற திரையில்தான் நடக்க வேண்டும்.

அடுத்த தடை, ஒருவரின் தாக்கும் திறனைக் காட்டும் தாக்கோ என்ற எண். இது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. தற்காப்பைக் காட்டும் கவச எண்ணும் அப்படியே; அது குறையக் குறைய அதை உடையவரை அடிப்பது கடினம். தாக்கோவிலிருந்து எதிரியின் கவச எண்ணைக் கழித்தால் கிடைப்பதே, பகடையில் குறைந்தபட்சம் விழவேண்டிய எண். தாக்கோ 20 உள்ள வீரன் கவச எண் 5 உள்ள எதிரியைத் தொட 15 அல்லது அதற்கு மேல் விழவேண்டும். அதாவது இருபது வீச்சில் சராசரியாக ஆறுதான் எதிரிமேல் படும். கவச எண்ணை மைனஸ் 2 வரை இறக்கிவிட்ட ஒருவனை அதே வீரன் 20 விழுந்தால் மட்டுமே காயப்படுத்த முடியும். இந்த ஒரு கழித்தல் கணக்கு புரிந்துவிட்டால், முன்வரிசையில் நிற்பவருக்கு முதல் பணத்தில் கவசமும் தலைக்கவசமும் கேடயமும் வாங்கவேண்டும், வாள் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது தானாகவே விளங்கும். விளையாட்டோ இதை எங்கும் இப்படி எளிமையாகச் சொல்வதில்லை. தொடக்க இடமான கேண்டில்கீப்பில் பச்சை அங்கி அணிந்த பயிற்றுநர்கள் நீளமாகப் பேசுகிறார்கள்; ஆனால் அவர்கள் சொல்வது பெரும்பாலும் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதே.

முதல் நிலையில் ஒரு மந்திரவாதியின் உயிர்ப்புள்ளி நான்கு. உடல்வலு மிகுந்தவராக இருந்தால் ஆறு. காட்டில் எதிர்ப்படும் ஓர் ஓநாய் இரண்டு முறை கடித்தால் கதை முடிந்தது. கூட்டாளி இறந்தால் கோயிலில் பணம் கொடுத்து உயிர்ப்பிக்கலாம், ஆனால் நாம் உருவாக்கிய நாயகன் இறந்தால் விளையாட்டே அங்கு முடிந்து, சேமித்த இடத்திலிருந்துதான் மறுபடி தொடங்கவேண்டும். முதல்முறை விளையாடுபவர் மந்திரவாதியைத் தேர்ந்தெடுக்காமல், உடல்வலு மிகுந்த போர்வீரனைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை. நான் முதலில் மந்திரவாதியைத்தான் எடுத்தேன். கேண்டில்கீப்பின் மதிலைத் தாண்டிய அன்றைக்கே ஏழு முறை செத்தேன்.

வழியில் இமோயன் என்னும் தோழி நம்மோடு சேர்கிறாள். அவளுக்கு அடுத்தபடி மோன்டாரன், ஸார் என்ற இருவர் வந்து நிற்பார்கள்; நல்லவர்கள் அல்லர் என்று தெரிந்தும் சேர்த்துக்கொள்வதே உத்தமம், ஏனெனில் அடுத்து வருவது ஃபிரெண்ட்லி ஆர்ம் விடுதி. அதன் படிக்கட்டில் தார்னெஷ் என்ற மந்திரவாதி காத்திருக்கிறான். பெயரை விசாரித்துவிட்டு நேரே கொலைக்கு வருகிறான். தன்னைப்போலவே பல பிம்பங்களைச் சுற்றி நிறுத்திக்கொண்டு, பிறகு அச்சத்தை ஏவும் மந்திரத்தைச் சொல்கிறான். கூட்டமாக நின்றிருந்தால் நம்மவர் அனைவரும் கட்டளைக்கு அடங்காமல் சிதறி ஓட, அவன் ஒவ்வொருவராக மந்திர அம்பால் முடிக்கிறான். இந்த விளையாட்டின் போர்முறை முழுவதும் இந்த ஒரு சந்திப்பில் அடங்கியிருக்கிறது என்றே சொல்வேன்.

தார்னெஷை வெல்வதற்குப் பலம் தேவையில்லை, முன்னேற்பாடு தேவை. படிக்கட்டை நெருங்குவதற்கு முன்பே சேமித்துவிட்டு, எல்லோர் கையிலும் வில்லோ கவணோ இருக்கும்படி மாற்றி, ஒருவருக்கொருவர் நல்ல இடைவெளி விட்டு நிறுத்தவேண்டும். நாயகனை மட்டும் பேச அனுப்பலாம். பேச்சு முடிந்த நொடியில் திரையை நிறுத்தி, அனைவரையும் அவன்மேல் ஏவவேண்டும். மந்திரம் உச்சரித்துக்கொண்டிருக்கும்போது உடலில் காயம் பட்டால் அந்த மந்திரம் கலைந்துவிடும் என்பது இங்கே உள்ள மிக முக்கியமான விதி. பிம்பங்களின்மீது படும் அம்பு அவனைக் காயப்படுத்தாது, ஒரு பிம்பத்தை மட்டுமே அழிக்கும். ஆகையால் ஒரு பெரிய அடியைவிடப் பல சிறிய அடிகளே இங்கு பயன்படும். மல்லாந்து கிடக்கும் அவனைத் தாண்டி விடுதிக்குள் போனால் காலித், ஜஹீரா என்ற இரு கூட்டாளிகள் காத்திருப்பார்கள். அதன்பிறகு முன்வரிசைக்கு ஆள் பஞ்சமில்லை.

வில்லைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். தொடக்க நிலை வீரன் வாளால் ஒரு சுற்றில் ஒருமுறை வெட்டும்போது, வில்லால் இரண்டு முறை எய்கிறான். அதுவும் எதிரி அவனை எட்டுவதற்கு முன்பே. மேலும் கதையின்படி அந்த வட்டாரத்து இரும்பு கெட்டுப்போயிருப்பதால், மாயசக்தி இல்லாத சாதாரண வாள் நடுச்சண்டையில் திடீரென்று உடைந்துபோகிறது. எனவே இருவரை மட்டும் முன்னால் நிறுத்தி, மற்ற நால்வரையும் எய்யவிடும் அணிவகுப்புதான் முதல் பாதி முழுவதும் நிலைத்து நிற்கிறது. கனத்த எதிரி ஒருவனை மட்டும் எதிர்கொள்ளும்போது, அவன் துரத்தும் ஆளை வட்டமாக ஓடவிட்டு மற்றவர்களை எய்யச் சொல்வது பழைய தந்திரம். பார்க்க வீரமாக இருக்காது, ஆனால் பலிக்கும்.

மந்திரங்களில் தொடக்கத்துக்கு ஒன்றைத்தான் பரிந்துரைப்பேன்: உறக்கம். முதல்நிலை மந்திரவாதி சொல்லும் இந்த ஒரே மந்திரம், கோபோல்டு என்னும் குட்டி எதிரிகளின் கூட்டத்தையும் கொள்ளையரையும், கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் தனியாக அலையும் ஓகர் என்னும் அரக்கனையும்கூட வீழ்த்திவிடும். உறங்குபவன்மேல் விழும் அடி தவறுவதில்லை. எல்ஃப் இனத்தார் பெரும்பாலும் தப்பிவிடுவார்கள், செத்தும் நடமாடும் உடல்களுக்கு உறக்கமே கிடையாது. (தொடக்கப் பகுதியில் திரியும் ஓர் ஓகரைக் கொன்றால் இரண்டு இடைவார்கள் கிடைக்கும். அவற்றில் ஒன்றைச் சோதிக்காமல் அணிபவரின் பாலினமே மாறிப்போகும். இந்த விளையாட்டின் நகைச்சுவை இத்தகையது.)

குறைகளும் உண்டு. நாஷ்கெல் சுரங்கத்தின் குறுகிய வழிகளில் நம் ஆட்கள் ஒருவரை ஒருவர் முட்டிக்கொண்டு, பின்னால் நிற்பவன் சுற்றுவழி தேடித் தனியாக ஓடி, தீ அம்பு எய்யும் கோபோல்டுகளின் நடுவில் போய் நிற்பான். அதைத் தவிர்க்க, ஒவ்வொரு திருப்பத்திலும் நிறுத்தி ஆளுக்கு ஆள் இடம் குறித்துத்தான் நகர்த்தவேண்டியிருக்கிறது. எட்டு மணிநேரம் உறங்கினால்தான் செலவழித்த மந்திரம் திரும்பும். உறங்கும்போது ஓநாயோ வேறொன்றோ வந்து விழும். இரண்டு உறக்க மந்திரத்தோடு ஒரு காட்டைக் கடக்கும் இந்தப் பஞ்ச வாழ்க்கை சிலருக்குச் சலிப்பாக இருக்கும். அதைவிடப் பெரிய குறை, அறிவை மரணத்தின் மூலமாகவே கற்பிப்பது. பார்வையால் கல்லாக்கும் பசிலிஸ்குகள் உலவும் தோட்டத்துக்குள், கல்லாவதைத் தடுக்கும் முதல்நிலை மந்திரம் ஒன்று இருப்பதை அறியாமல் நுழைபவருக்கு இரண்டாவது வாய்ப்பே கிடைப்பதில்லை. அந்த மந்திரத்தோடு நுழைபவருக்கோ அதே தோட்டம் அனுபவப் புள்ளிகளை அள்ளிக் கொடுக்கும் வயல்.

மேம்படுத்தப்பட்ட பதிப்பு இந்தக் கடுமையைத் தணிப்பதில் ஓரளவு வெற்றி பெறுகிறது. எதிரி கண்ணில் பட்டதும், நம்மவர் காயப்பட்டதும், குறிவைத்த எதிரி வீழ்ந்ததும் தானாக நிற்கும்படி அமைத்துக்கொள்ளலாம். இம்மூன்றையும் முதல் நாளே இயக்கிவிடுங்கள். கடினத்தை எப்போது வேண்டுமானாலும் குறைக்கலாம், சண்டையே வேண்டாம் என்பவர்களுக்குக் கதை மட்டும் என்ற நிலையும் பின்னாளில் சேர்க்கப்பட்டது. பிளாக் பிட்ஸ் என்னும் தனிச் சண்டைக்களம், கதைப் பொறுப்பு எதுவும் இல்லாமல் அணிவகுப்பைப் பழகிப் பார்க்க நல்ல இடம். கைக்கணினியிலும் கைப்பேசியிலும் ஓடுகிறது. ஆனால் நெருக்கமான சண்டையில் விரலால் சரியான கோபோல்டைத் தொடுவதற்குள் பொறுமை தீர்ந்துவிடுவதால், முதல்முறை விளையாடுபவர் சுட்டியும் விசைப்பலகையும் உள்ள கணினியிலேயே தொடங்குவது நல்லது.

என் கணக்கில், கைநிறைய மந்திரமும் மந்திரக்கோலும் கிடைத்துவிடும் பிற்பகுதியைவிட, ஒவ்வோர் அம்பையும் எண்ணிச் செலவழிக்கும் முதல் மூன்று நிலைகளே சுவை மிகுந்தவை. விளையாட்டை நிறுத்தி யோசிக்கப் பிடிக்காதவர்கள், காசைக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை தயங்கலாம். மற்றவர்கள் வாங்கலாம், ஒரு போர்வீரனை உருவாக்கி, படிக்கட்டுக்கு முன்னால் சேமித்துக்கொள்ளுங்கள்.