அக்யூரெயில் 40 அடி ஸ்டீல் பாக்ஸ்கார் கிட்: வெட்டி மாற்றுபவர்களுக்கு

அமெரிக்க மாடல் ரயில் நிறுவனமான அக்யூரெயிலின் 40 அடி ஏஏஆர் (அமெரிக்க ரயில்வே சங்கத் தரவடிவம்) ஸ்டீல் பாக்ஸ்கார், அதாவது மூடிய சரக்குப் பெட்டி. ஹெச்ஓ அளவு, நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. மாட்டி ஓட்டினால் போதும் என்பவர்களுக்கு இது ஒரு மாலை நேர வேலை. 1950-களின் அமெரிக்க சரக்கு வண்டி ஒன்றைப் படத்தில் இருப்பது போலவே கொண்டுவர நினைப்பவர்களுக்கோ இது கச்சாப்பொருள்தான். அந்தக் கண்ணோடுதான் இந்த விமர்சனம். பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வானிலையில் எது ஒத்துவரும், இங்கே கடையில் என்ன கிடைக்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

இந்தக் கிட்டுக்குக் கொடுக்கும் காசு முழுக்க அதன் உடம்புக்குத்தான். பக்கச் சுவர், முனைச் சுவர், கூரை எல்லாம் ஒரே வார்ப்பு என்பதால் மூலை பிசகாது, இணைப்புக்கோடு தெரியாது. ரிவெட் வரிசை மெல்லியதாக, அளவாக இருக்கிறது. கதவு, கூரை நடைபாதை, பிரேக் பாகங்கள் தனியாக வருகின்றன. ஏணியும் கைப்பிடிக் கம்பிகளும் மட்டும் உடம்போடு சேர்த்தே வார்க்கப்பட்டவை. குறைந்த விலைக்கு ஈடாக நாம் செய்ய வேண்டிய உழைப்பு அங்கேதான் இருக்கிறது. எழுத்து அச்சிடாத கிட்டாக வாங்குங்கள். செதுக்கும்போது அச்சைக் காப்பாற்ற வேண்டிய தலைவலி இருக்காது.

கத்தி வைப்பதற்கு முன் படத்தைப் பாருங்கள். இது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய, உள்உயரம் 10 அடி 6 அங்குலம் உள்ள பெட்டி. 1937-இன் 10 அடிப் பெட்டி வேண்டுமென்று அடியில் 1.75 மிமீ வெட்டினால் உயரம் சரியாகிவிடும், ஆனால் முனைச் சுவரின் வார்ப்பு வேறு காலத்தைக் காட்டிக்கொடுக்கும். 1947-இல் புல்மன் ஸ்டாண்டர்டு தொடங்கிய பிஎஸ்-1 வகையாக மாற்றுவதும் அதே காரணத்தால் வீண் வேலை. அதன் முனையும் கூரையும் அந்த நிறுவனத்தின் சொந்த வடிவம். அதற்குக் கேடீ என்ற மாடல் நிறுவனம் தனியாகவே மாடல் போடுகிறது. கதவை 6 அடியிலிருந்து 8 அடியாக்குவதையும் இந்தக் கிட்டில் முயல வேண்டாம். யங்ஸ்டவுன் வகைக் கதவை எடுத்துவிட்டு அதே அகலத்தில் சுப்பீரியர் வகைக் கதவு போடுவது எளிது. தோற்றமும் நன்றாக மாறும்.

ஏணியைச் செதுக்க நேர்முனை உளிக் கத்தி வேண்டும், அதுவும் புதிய அலகு. சுற்றியுள்ள ரிவெட்களின் மேல் அலுமினிய டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். படிகளை ஒரே வீச்சில் சீவக் கூடாது. அலகு பிளாஸ்டிக்குள் இறங்கிக் குழி விழும், அதை நிரப்பித் தேய்க்கும்போது பக்கத்து ரிவெட்டும் போய்விடும். முதலில் ஒவ்வொரு படியையும் நடுவில் குறுக்கே வெட்டிவிட்டு, பாதிப் பாதியாக, வெளியிலிருந்து உள்நோக்கிச் சீவுங்கள். கடைசிக் கால் மில்லிமீட்டரைச் சீவாமல், அலகை நிமிர்த்திப் பிடித்துச் சுரண்டி எடுங்கள். பிறகு 600, 1000 எண் உப்புக் காகிதத்தைத் தண்ணீரில் நனைத்து, சின்னக் குச்சியில் ஒட்டித் தேய்த்தால் போதும். போன ரிவெட்டுக்குப் பிசின் குமிழ் உள்ள டெக்கால் (நனைத்து ஒட்டும் மெல்லிய படலம்) கிடைக்கிறது.

புது ஏணி ஒட்டும்போது படிகளை எண்ணுங்கள். 7 படி, 8 படி இரண்டும் ஓடியிருக்கின்றன. பழகிய கண் முதலில் போவது அங்கேதான். 18 அங்குலக் கைப்பிடி என்றால் ஹெச்ஓவில் 5.25 மிமீ. 0.3 மிமீ பாஸ்பர் பிரான்ஸ் கம்பி, 0.35 மிமீ துளை. செம்புக் கம்பி எந்தக் கடையிலும் கிடைக்கும், ஆனால் விரல் பட்டதும் வளையும். கம்பிக்கும் சுவருக்கும் நடுவே 0.75 மிமீ ஸ்டைரீன் (மாடல் பிளாஸ்டிக்) துண்டைச் செருகி, பின்பக்கம் ஒரு துளி சூப்பர் க்ளூ வைத்து, பிடித்ததும் துண்டை உருவுங்கள். நிஜ வண்டியில் கை நுழைய விடும் இரண்டரை அங்குல இடைவெளி அதுவே. முன்பக்கம் பசை வைத்தால், நம்ம ஊர் ஈரக் காற்றில் சுற்றிலும் வெள்ளையாகப் பூக்கும்.

அடிவிளிம்புச் சட்டத்தின் வடிவம் ரயில்வேக்கு ரயில்வே மாறும். 0.25 மிமீ ஸ்டைரீன் பட்டையை வெட்டி ஒட்டினால் பெட்டியின் முகமே வேறு. பிளாஸ்டிக் ஒட்டும் மெல்லிய சிமெண்டைத் தூரிகை நுனியால் விளிம்பில் தொட்டால் அதுவே உள்ளே ஓடும். அக்ரிலிக் போர்டு செய்யும் கடைகளில் ஒட்டப் பயன்படுத்தும் குளோரோஃபார்மை இதற்கு வாங்காதீர்கள். இந்தத் தடிமனுள்ள பட்டையைத் தின்றுவிடும். உள்ளே சிக்கிய கரைப்பான் சில வாரம் கழித்து மேற்பரப்பைச் சுருங்க வைக்கும். அதன் ஆவி நச்சு, துணி மாஸ்க் அதைத் தடுக்காது.

நம்ம கவர்டு வேகனில் கூரைமேல் நடைபாதை கிடையாது. அதனால் இங்கே பலர் அந்தப் பாகத்தைக் கவனிக்காமல் ஒட்டிவிடுகிறார்கள். போருக்குப் பிந்தைய பாக்ஸ்காரில் அது துளையிட்ட எஃகுச் சட்டகம், கீழே கூரை தெரிய வேண்டும். கேடீயின் பிளாஸ்டிக் நடைபாதை இந்தப் பெட்டிக்கு நிறைவாக இருக்கிறது. எட்சிங் செய்த (அமிலத்தால் அரித்து வடிவமைத்த) உலோகத் தகடு இன்னும் மெலிது. ஆனால் அதைச் சூப்பர் க்ளூவால் ஒட்டினால் ஏப்ரல் வெயிலில் ஸ்டைரீன் அதிகம் விரிய, உலோகம் குறைவாக விரிய, பசை விட்டுவிடும். காய்ந்த பிறகும் நெகிழும் கேனபி க்ளூ போடுங்கள்.

அடிப்பகுதிக்கு ஏபி வகைக் காற்று பிரேக்கின் சிலிண்டர், தொட்டி, வால்வு மூன்றும் இடம் மாறாமல் இருந்து, நடுவே கம்பிக் குழாய் ஓடினால் போதும்.

கிட்டோடு வரும் பிளாஸ்டிக் சக்கரத்துக்குப் பதில் 33 அங்குல உலோகச் சக்கரம், பெட்டிகளை இணைக்கும் கப்ளருக்குக் கேடீ 5 அல்லது 148. இந்த இரண்டிலும் சிக்கனம் வேண்டாம். போகியை (சக்கரச் சட்டகத்தை) மாட்ட, அழுத்திச் செருகும் பின்னுக்குப் பதில் 1.6 மிமீ துளையிட்டு எம்2 திருகு போடுங்கள். ஒரு போகியை ஆட்டமில்லாமல் சுழலும் அளவுக்கும், மற்றதை இன்னும் கொஞ்சம் தளர்வாகவும் முடுக்கினால் மேடுபள்ளத் தண்டவாளத்திலும் எட்டுச் சக்கரமும் பதியும். கப்ளர் உயரத்தைச் சக்கரம் மாற்றிய பிறகுதான் அளக்க வேண்டும். எடை சுமார் 110 கிராம் இருக்க வேண்டும். என்எம்ஆர்ஏ (அமெரிக்க மாடல் ரயில் சங்கம்) கணக்கு அடிப்படையாக 1 அவுன்ஸ், நீளத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். குறைவதை டயர் கடையில் விற்கும் 5 கிராம், 10 கிராம் ஒட்டு வெயிட்டால் நிரப்பலாம். அது ஈயமாக இருந்தால் வெள்ளைப் பசை படக் கூடாது. ஈயம் பூத்து வீங்கிப் பெட்டியின் தரையைத் தள்ளும்.

பெட்டியின் எழுத்துக்கான டெக்காலில், நிஜ வண்டியை மறுபடி எடை போட்ட மாதம், வருடம் இருக்கும். 1950-களில் 48 மாதத்துக்கு ஒருமுறை எடை போட வேண்டும் என்பது விதி. உங்கள் லேஅவுட் 1953 என்றால் 1948 தேதியோடு பெட்டி ஓட முடியாது, 1954-உம் கூடாது.

பெயிண்டுக்குக் காலம் பார்க்க வேண்டிய ஊர் இது. ஜூன், ஜூலை மழையில் பளபளப்பைக் குறைக்கும் லாக்கர் மேட் கோட் அடித்தால் ஈரம் சிக்கி வெளுத்துப் போகும். உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் தின்னர் ஓரளவுதான் காப்பாற்றும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வறண்டது, ஆனால் புழுதியோடு வரும். அந்த மாதங்களில் ஜன்னலை மூடி, தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு, பெரிய பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து உலர வையுங்கள். தபாலும் சுங்கமும் கிட்டின் விலையைத் தாண்டக்கூடும். ஆகவே சக்கரம், கப்ளர், நடைபாதை எல்லாவற்றையும் ஒரே ஆர்டரில் நாலைந்து பேர் சேர்ந்து வரவழைப்பதுதான் கட்டுப்படியாகும்.