விசிறி மெட்டு பேஸும் நேர் மெட்டு பேஸும்

கும்பகோணத்துத் திருவிழாக் கச்சேரிகளில் ஐந்து தந்தி பேஸ் கிதார் வாசிக்கும் நான், புதிதாக ஒன்று வாங்குமுன், மெட்டுகள் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) இணையாக நிற்கும் நேர் மெட்டு, விசிறிபோல் சாய்ந்து விரியும் விசிறி மெட்டு ஆகிய இருவகையையும் வாசித்துப் பார்த்தேன். எல்லாத் தந்திகளும் 34 அங்குலமாக அமைந்த நேர் மெட்டு பேஸில், ஏறத்தாழ 31 ஹெர்ட்ஸில் அதிரும், மிகத் தடித்த, தாழ்ந்த சுருதியுள்ள பி தந்தி தளர்ந்திருப்பதால், ஓங்கி மீட்டினால் மெட்டில் உரசிக் கரகரக்கிறது. நான் எடுத்துப் பார்த்த விசிறி மெட்டு பேஸிலோ, பி தந்திக்கு 37 அங்குலமும் மெல்லிய ஜி தந்திக்கு 34 அங்குலமும் இருந்தமையால், அதே சுருதியில் இழுவிசை கூடி, தவில் முழக்கத்துக்கு நடுவிலும் நாதம் தெளிவாக நின்றது. தஞ்சாவூர் வீணையின் 24 நேர் மெட்டுகளில் பழகிய என் விரல்களுக்கு நடுப்பகுதியின் சாய்வு உறுத்தவே இல்லை. முதல் மெட்டருகேதான் மணிக்கட்டு திரும்ப வேண்டியிருந்தது. பி தந்தியை நம்பி வாசிப்பவருக்கு விசிறி மெட்டையே பரிந்துரைப்பேன். நீளமான மாற்றுத் தந்தியை மட்டும் முன்கூட்டியே வரவழைத்து வைத்துக்கொள்ள வேண்டும்.