எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டதா? கண்டுபிடிக்கும் நான்கு வழிகளில் எதை நம்பலாம்

பட்டனை அழுத்தினால் விசிறி சுற்றவில்லை, விளக்கு எரியவில்லை, ஒரு 'டிக்' சத்தம்கூடக் கேட்கவில்லை. இப்படி அசைவே இல்லாமல் கிடக்கும் டெஸ்க்டாப்பைப் பார்த்தவுடன் எல்லோரும் சொல்வது, "எஸ்.எம்.பி.எஸ். போயிருக்கும், மாத்திடுங்க." வீட்டு மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்ற குறைந்த வோல்ட்டேஜாக மாற்றித் தரும் பெட்டிதான் எஸ்.எம்.பி.எஸ். பல நேரம் அந்த ஊகம் சரியாகவே இருக்கும். சரியாக இல்லாத அன்றைக்குத்தான் தலைவலி. புதிதாக வாங்கி மாட்டிய பிறகும் கம்ப்யூட்டர் அப்படியே கிடக்கும். அடுத்து மதர்போர்டை மாற்றச் சொல்வார்கள். பத்து நிமிடம் அளந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் விஷயத்துக்கு இரண்டு பொருள் வாங்கியிருப்போம்.

ஊகிக்காமல் சோதித்துப் பார்க்க நான்கு வழிகள் உண்டு: பேப்பர் கிளிப்பால் இயக்கிப் பார்ப்பது, எஸ்.எம்.பி.எஸ். டெஸ்டரில் செருகுவது, மல்டிமீட்டரால் வோல்ட்டேஜை அளப்பது, நல்ல நிலையில் உள்ள வேறொரு எஸ்.எம்.பி.எஸ்ஸை மாட்டிப் பார்ப்பது. நான்கும் பயன்படும். ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது. அதைக் கவனிக்காமல் ஒன்றின் பதிலை இன்னொன்றின் பதிலாக எடுத்துக்கொள்வதால்தான் வீண் செலவு வருகிறது.

முதலில் செலவில்லாத சோதனைகளை முடித்துவிடுங்கள். அதே பிளக் பாயின்டில் ஒரு மேசை விளக்கைச் செருகிப் பாருங்கள். எஸ்.எம்.பி.எஸ்ஸின் பின்புறச் சுவிட்ச் 'I' பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். பவர் கார்டை மாற்றிப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, மறுபடி செருகிப் பாருங்கள். எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று ஒருமுறை பூட்டிக்கொண்டால், சில நேரம் மின்சாரத்தை முழுவதும் துண்டித்தால்தான் விடும். இதிலேயே உயிர் வந்துவிடும் கம்ப்யூட்டர்கள் நிறைய உண்டு.

இன்னொன்று. விசிறி சுற்றுகிறது, திரையில்தான் ஒன்றும் வரவில்லை என்றால் அது வேறு பழுது. ரேம், கிராபிக்ஸ் கார்டு பக்கம் போக வேண்டும். இங்கே பேசுவது பட்டனுக்கு எந்தப் பதிலும் வராத கம்ப்யூட்டரைப் பற்றி.

பட்டனை அழுத்தும்போது நடப்பது

நான்கு வழிகளையும் எடை போட இது தெரிந்திருக்க வேண்டும். 1995-இல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். என்ற கம்ப்யூட்டர் வடிவமைப்பு முறைக்கு முந்தைய கம்ப்யூட்டர்களில் முன்பக்கப் பட்டன் வீட்டுச் சுவிட்ச் போலத்தான். மின்சாரத்தையே நேராக இணைக்கும், துண்டிக்கும். ஏ.டி.எக்ஸில் பட்டன் மதர்போர்டுக்குச் செய்தி மட்டும் சொல்கிறது. அந்தச் செய்தியைக் கேட்க மதர்போர்டு விழித்திருக்க வேண்டும் அல்லவா? அதற்காகவே, பிளக் செருகியிருக்கும் வரை எஸ்.எம்.பி.எஸ். ஊதா நிற ஒயரில் 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். இதுதான் ஸ்டாண்ட்பை. பட்டனை அழுத்தியதும் மதர்போர்டு பச்சை ஒயரைக் கிரவுண்டுக்கு, அதாவது பூஜ்ய வோல்ட்டான கறுப்பு ஒயரின் நிலைக்கு, இழுக்கிறது. உடனே எஸ்.எம்.பி.எஸ். ஆரஞ்சில் 3.3, சிவப்பில் 5, மஞ்சளில் 12 வோல்ட்டை எழுப்புகிறது. எல்லாம் நிலைப்பட்டபின், 100 முதல் 500 மில்லி செகண்டுக்குள், சாம்பல் நிற ஒயரில் 'எல்லாம் சரி' என்று ஒரு 5 வோல்ட் அனுப்புகிறது. அதற்குப் பெயர் பவர் குட். அது வந்த பிறகுதான் பிராசஸர் வேலையைத் தொடங்கும்.

ஆக, ஊதா, பச்சை, பெரிய வோல்ட்டேஜ்கள், சாம்பல் என்று ஒரு சங்கிலி. எந்தக் கண்ணி அறுந்தாலும் வெளியே தெரிவது ஒரே மாதிரிதான்.

பேப்பர் கிளிப்

மதர்போர்டு செய்ய வேண்டிய வேலையை இங்கே ஒரு கம்பி செய்கிறது. பிளக்கை எடுத்துவிட்டு, மதர்போர்டுக்கு மின்சாரம் தரும் 24 பின் இணைப்பைப் போர்டிலிருந்து கழற்றி, பச்சையையும் அருகிலிருக்கும் ஒரு கறுப்பையும் வளைத்த கிளிப்பால் இணைத்து, பிறகு மின்சாரம் கொடுக்க வேண்டும். இப்போது வரும் எஸ்.எம்.பி.எஸ்களில் எல்லா ஒயரும் கறுப்பாகவே இருக்கும். பயப்பட வேண்டாம்: கொக்கி இருக்கும் பக்கத்து வரிசையில் 13 முதல் 24 வரை வரும். பச்சைக்குரியது 16. அதன் இருபுறமும் உள்ள 15, 17 இரண்டுமே கிரவுண்டுதான். எண்ணிக்கையை இரண்டு முறை சரிபாருங்கள். 16-ஐ விட்டு வேறெதையாவது கிரவுண்டோடு சேர்த்தால் ஷார்ட்.

விசிறி சுற்றினால் எஸ்.எம்.பி.எஸ். நல்லது என்று பலரும் முடித்துவிடுகிறார்கள். நானும் ஒருமுறை அப்படித்தான் முடித்தேன். நண்பர் வீட்டுக் கம்ப்யூட்டர். கிளிப்பை வைத்ததும் விசிறி ஒரே சீராகச் சுற்றியது. பழுது போர்டில்தான் என்று உறுதியாகச் சொன்னேன். அவர் புது போர்டு வாங்கி வந்தார். அதுவும் அசையவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. பிறகு மீட்டரை எடுத்தேன். போர்டு இல்லாமல் ஊதாவில் 5.0 வோல்ட். பழைய போர்டை மாட்டியதும் 3.2. புதிய போர்டை மாட்டினாலும் அதே அளவுதான். இரண்டு போர்டிலும் ஒரே மாதிரி விழுகிறது என்றால் குற்றவாளி யார் என்று கேட்கவே வேண்டாம். ஸ்டாண்ட்பை சுற்றின் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் உதிரி) வறண்டு, சுமை ஏறியதும், அதாவது மின்சாரத்தை இழுக்கும் பொருளை மாட்டியதும், துவண்டுவிடும் ரகம் அது. வேறொரு எஸ்.எம்.பி.எஸ்ஸைக் கடன் வாங்கி மாட்டியதும் அவருடைய பழைய போர்டே எழுந்து நின்றது.

கிளிப் சோதனையில் சுமை இல்லை. அதனால் 'இயங்குமா' என்ற கேள்விக்கு மட்டும் பதில் கிடைக்கும். 'தாங்குமா' என்பதற்குக் கிடைக்காது. எதிர்ப்பக்கமும் ஏமாற்றும். குறைந்த சுமையில் விசிறியை நிறுத்தியே வைக்கும் எஸ்.எம்.பி.எஸ்கள் இப்போது நிறைய உண்டு. அவற்றில் விசிறி அசையாததைப் பார்த்துச் செத்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. மிகப் பழைய சில மாடல்கள் ஓரளவு சுமை இல்லாமல் கிளம்பவே கிளம்பாது. ஒரு கேபினெட் விசிறியையோ பழைய ஹார்டு டிஸ்க்கையோ இணைத்துவிட்டுச் சோதித்தால் இந்த இரண்டு குழப்பமும் பெருமளவு தீரும். அப்படி இணைத்தும் அசையவில்லை என்றால் கிளிப்பின் தீர்ப்பை நம்பலாம். கிளிப் 'இல்லை' என்றால் மதிப்பு அதிகம். 'ஆமாம்' என்றால் மதிப்பு குறைவு.

டெஸ்டர்

சின்னத் திரை வைத்த கையளவு கருவி. 24 பின் இணைப்பைச் செருகினால் தானே பச்சையை இழுத்து, ஒவ்வொரு வோல்ட்டேஜையும், பவர் குட் வர எத்தனை மில்லி செகண்டு ஆனது என்பதையும் காட்டும். எண்ணிப் பார்த்துக் கம்பி செருகும் பதற்றம் இல்லை. தினமும் நாலைந்து கம்ப்யூட்டர் பார்க்கிறவருக்கு நேரம் மிச்சம். வீட்டில் ஒரே ஒரு கம்ப்யூட்டருக்காக இதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது. உள்ளே இருக்கும் சுமை மிகச் சிறியது. நண்பர் வீட்டு எஸ்.எம்.பி.எஸ். இதிலும் தேறியிருக்கும் என்றே நினைக்கிறேன். போர்டு, பட்டன் பற்றி இது ஒன்றும் சொல்லாது.

மல்டிமீட்டர்

நான்கில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால் என் கை இதற்குத்தான் போகும். ஏன் என்றால், கிளிப்பும் டெஸ்டரும் எஸ்.எம்.பி.எஸ்ஸைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கின்றன. மீட்டர், எல்லாம் மாட்டியபடி இருக்கும்போதே எஸ்.எம்.பி.எஸ். என்ன சொல்கிறது, மதர்போர்டு என்ன சொல்கிறது என்று இருபக்கமும் கேட்கிறது. சாதாரண மீட்டரே போதும்.

டி.சி. 20 வோல்ட் அளவில் வையுங்கள். 24 பின் இணைப்பு போர்டில் அப்படியே இருக்கட்டும். கறுப்பு முனையைக் கேபினெட்டின் பெயின்ட் படாத உலோகத்திலோ ஒரு திருகுத் தலையிலோ வையுங்கள். சிவப்பு முனையை இணைப்பின் மேல்புறம், ஒயர் உள்ளே நுழையும் துளை வழியாக, உலோகம் தட்டுப்படும் வரை மெல்ல இறக்குங்கள். முனை தடிமனாக இருந்தால் இறங்காது. மெல்லிய முனை வேண்டும். கை நழுவி இரண்டு பின்களைச் சேர்த்துத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஊதா, அதாவது 9-ஆம் பின். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதே இங்கே 4.75-க்கும் 5.25-க்கும் இடையில் இருக்க வேண்டும். பூஜ்யமாகவோ குறைவாகவோ இருந்தால், பிளக்கை எடுத்து, இணைப்பைக் கழற்றி, மறுபடி மின்சாரம் கொடுத்து அளவெடுங்கள். அப்போதும் பூஜ்யம் என்றால் எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது. கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வந்தால், ஒன்று போர்டுப் பக்கம் ஏதோ கீழே இழுக்கிறது, அல்லது நண்பர் வீட்டில் நடந்ததுபோல் எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குத் தெம்பு இல்லை. இந்த ஓர் இடத்தில் மீட்டர் தனியாகத் தீர்ப்புச் சொல்லாது, வேறு எஸ்.எம்.பி.எஸ். மாட்டித்தான் ஆக வேண்டும்.

ஊதா சரியாக இருந்தால் அடுத்தது பச்சை. எனக்கு மிகவும் பிடித்த அளவீடு இதுதான். அணைந்த நிலையில் இங்கே 3 முதல் 5 வோல்ட் வரை நிற்கும். மீட்டரைப் பார்த்துக்கொண்டே பட்டனை அழுத்துங்கள். எண் சட்டென்று பூஜ்யத்தை ஒட்டி விழுந்து அங்கேயே நிற்க வேண்டும். விழவே இல்லையா? எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குச் செய்தியே போய்ச் சேரவில்லை. பழுது பட்டனிலோ அதன் ஒயரிலோ போர்டிலோ இருக்கிறது. பட்டன் ஒயரைப் போர்டிலிருந்து கழற்றிவிட்டு, அந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டுவிடுங்கள். கம்ப்யூட்டர் எழுந்தால் பட்டன்தான் தேய்ந்துபோயிருக்கிறது. ரீசெட் பட்டனின் ஒயரை அங்கே செருகி அதையே பவர் பட்டனாக வைத்துக்கொள்ளலாம். பைசா செலவில்லை.

பச்சை விழுந்து நிற்கிறது, ஆனால் மஞ்சளில் 12 வோல்ட் எழவே இல்லை என்றால் எஸ்.எம்.பி.எஸ். கேட்டும் கேட்காததுபோல் இருக்கிறது, மாற்றிவிடலாம். மஞ்சள் ஒரு கணம் எழுந்து விழுந்தால், விசிறியும் லேசாகத் துடித்து நின்றால், எங்கோ ஷார்ட் இருப்பதால் பாதுகாப்புச் சுற்று அணைத்துவிடுகிறது என்று பொருள். கம்ப்யூட்டர் ஓடும்போது மஞ்சள் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பு 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சு 3.14 முதல் 3.47 வரை இருக்கலாம்.

மீட்டருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. வோல்ட்டேஜின் மேல் ஏறும் நுண்ணிய அலையை அது சராசரியாக்கிக் காட்டிவிடும். 12 வோல்ட்டில் அந்த அலை 120 மில்லிவோல்ட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதைப் பார்க்க, அலையை வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப் வேண்டும். ஆனால் அந்த அலைப் பிரச்சினை, ஓடும்போது தடுமாறும் கம்ப்யூட்டரின் நோய். எழவே எழாத கம்ப்யூட்டருக்கு மீட்டர் தாராளமாகப் போதும்.

வேறொன்றை மாட்டிப் பார்ப்பது

கையில் நல்ல எஸ்.எம்.பி.எஸ். இருந்தால் இதைவிட உறுதியான பதில் கிடையாது, உண்மையான சுமையோடு சோதிப்பதால். முன்பு சொன்ன நண்பரின் வழக்கை முடித்துவைத்ததும் இதுதான். ஆனால் இரண்டு விஷயத்தில் கவனமாக இருங்கள்.

ஒன்று, கழற்றி மாட்டும் ஒயர்கள் கொண்ட எஸ்.எம்.பி.எஸ். என்றால் பழைய ஒயர்களை விட்டுவைத்துவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றாதீர்கள். போர்டுப் பக்கத்துப் பின் வரிசைக்குத்தான் பொது விதி உண்டு, எஸ்.எம்.பி.எஸ். பக்கத்து வரிசை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், சில நேரம் ஒரே தயாரிப்பாளரின் இரண்டு மாடல்களுக்கிடையிலேயே மாறும். செருகினால் பொருந்தும், மின்சாரம் கொடுத்ததும் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போகும். ஹார்டு டிஸ்க் போய்விடும், அதிலிருக்கும் படங்களோடு. இரண்டு, சந்தேகப்படும் எஸ்.எம்.பி.எஸ்ஸை நன்றாக ஓடும் கம்ப்யூட்டரில் மாட்டிச் சோதிக்க வேண்டாம். நல்லதைக் கெட்ட கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோகலாம். கெட்டதை நல்ல கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோகக் கூடாது.

பிராண்டட் கம்ப்யூட்டர்கள் சிலவற்றில் 24 பின்னுக்குப் பதில் அவர்களுக்கே உரிய சிறிய இணைப்பு இருக்கும். அவற்றுக்கு நான் மேலே சொன்ன நிறமும் எண்ணும் பொருந்தாது, கிளிப்பும் வேண்டாம். அதே மாடலுக்கான எஸ்.எம்.பி.எஸ்ஸை மாட்டிப் பார்ப்பதுதான் வழி.

எந்த வழியில் போனாலும் எஸ்.எம்.பி.எஸ்ஸின் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் ஏறியிருக்கும், பிளக்கை எடுத்த பிறகும் அது தங்கியிருக்கலாம்.

நான்கு சோதனையும் எஸ்.எம்.பி.எஸ். நல்லது என்று சொன்ன ஒரு கம்ப்யூட்டரும் என்னிடம் வந்தது. பட்டனை அழுத்தினால் விசிறி கால் சுற்றுச் சுற்றி நின்றுவிடும். ஊதா 5.1, பச்சை சரியாக விழுகிறது, மஞ்சள் எழுந்து உடனே படுத்துவிடுகிறது. எங்கோ ஷார்ட். பிளக்கை எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கழற்றினேன், ஒவ்வொரு முறையும் மின்சாரம் கொடுத்துப் பட்டனை அழுத்திப் பார்த்தேன். கிராபிக்ஸ் கார்டு, ஹார்டு டிஸ்க்குகள், முன்பக்க யு.எஸ்.பி. ஒயர் என்று எல்லாவற்றையும் எடுத்த பிறகும் அதே கால் சுற்றுதான். கடைசியாகப் போர்டையே கேபினெட்டிலிருந்து எடுத்து ஓர் அட்டைப் பெட்டியின் மேல் வைத்து, பிராசஸருக்குப் போகும் 8 பின் இணைப்பையும் 24 பின்னையும் மட்டும் மாட்டி, ஸ்க்ரூடிரைவரால் தொட்டேன். விசிறி நிற்காமல் சுற்றியது. கேபினெட்டைச் சாய்த்து டார்ச் அடித்துப் பார்த்தால், போர்டில் துளையே இல்லாத இடத்துக்கு நேர் கீழே, போர்டைத் தாங்கும் பித்தளைக் கால் ஒன்று கூடுதலாக முடுக்கியிருந்தது. போர்டின் அடியில், அது உரசிய இடத்தில், பச்சைப் பூச்சு மிளகளவுக்கு உரிந்துபோயிருந்தது.