பழைய மேசைக் கணினிக்கு ஐ5-3470: காட்பாடியிலிருந்து ஒரு மதிப்புரை

2011இல் வெளிவந்த இன்டெலின் கோர் ஐ3-2100 பிராசசருடன் (கணினியின் மையச் செயலி), எச்61 மதர்போர்டில் ஓடிக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக் கணினிக்கு, அடுத்த தலைமுறையைச் சேர்ந்த கோர் ஐ5-3470ஐ வேலூரில் பழைய உதிரிபாகங்கள் விற்கும் ஒரு கடையில் வாங்கிப் பொருத்தினோம். இரண்டும் எல்ஜிஏ 1155 என்ற சாக்கெட்டுக்கு (மதர்போர்டில் பிராசசர் பொருந்தும் இடம்) உரியவை என்பதால் மதர்போர்டையோ ராமையோ மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஆனால் எச்61 போர்டுகள் பலவற்றில் பயாஸை (கணினியைத் தொடக்கிவைக்கும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) புதுப்பித்த பிறகே இந்தப் பிராசசர் இயங்கும், ஆகவே பழையதைக் கழற்றுவதற்கு முன்பே அந்த வேலையை முடித்துவிட வேண்டும்.

கடைக்காரர் வேலை செய்த விதம் மனத்துக்கு நிறைவளித்தது. கல்லாகக் காய்ந்திருந்த பழைய தெர்மல் பேஸ்ட்டை (பிராசசரின் வெப்பத்தைக் கடத்தும் பசை) ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தெடுத்து, சாக்கெட்டின் ஊசிகளை விளக்கொளியில் நிதானமாகப் பார்த்து, அதன் பிறகே பிராசசரை அழுத்தாமல் வைத்து நெம்புகோலை மூடினார். இவ்வகைச் சாக்கெட்டில் ஊசிகள் மதர்போர்டில்தான் இருக்கின்றன. ஒன்று வளைந்தாலும் போர்டே வீணாகிவிடக்கூடும்.

2 கோர்களுக்கு (பிராசசருக்குள் வேலையைச் செய்யும் பகுதிகள்) பதில் 4 கோர்கள் கிடைத்திருப்பது, பிரௌசரில் பல பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு வேறு வேலையும் பார்க்கும்போது தெளிவாகத் தெரிகிறது. பிராசசரின் வெப்ப அளவு 65 வாட்டிலிருந்து 77 வாட்டாக உயர்வதால், அக்னி நட்சத்திரக் காலத்தில் 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊரில் விசிறியின் தூசியைத் தட்டாமல் விடுவது தகாது. எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகம்) இல்லாதவர்கள் முதலில் அதற்கே செலவிடட்டும். விண்டோஸ் 11 இந்தத் தலைமுறையை ஆதரிப்பதில்லை; விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டதால், நாங்கள் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவியிருக்கிறோம்; பிரிண்டர் உட்பட அனைத்தும் ஒழுங்காக இயங்குகின்றன.