மிக்ஜாம் வெள்ளத்துக்கு வாங்கிய வாக்குவம் கிளீனர்: இப்போது வாங்கலாமா?

மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்து நின்றுபோயிருந்த வாக்குவம் கிளீனர் பழுது பார்த்து வீட்டுக்கு வந்துவிட்டது. அதே மாடலுக்கு இப்போது விலை இறங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, முடிச்சூரில் இருக்கும் நண்பர் ஒருவர் "மழைக்கு முன்னாடி ஒண்ணு வாங்கிப் போட்டுடவா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

தூசியோடு தண்ணீரையும் உறிஞ்சும் வெட் அண்ட் டிரை வகை, 20 லிட்டர் டிரம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் சென்னை வேளச்சேரியில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் சாக்கடை கலந்த தண்ணீர் புகுந்தது. வடிந்த கையோடு வாங்கினோம். முதல் கட்ட வேலையில் இதற்குப் பங்கே கிடையாது. தேங்கிய தண்ணீரை வைப்பரால்தான் தள்ள வேண்டும், சேற்றை அள்ளித்தான் கொட்ட வேண்டும். சாக்கடைத் தண்ணீர் குடித்த மெத்தையையும் தலையணையையும் தூக்கிப் போடுவதுதான் சரி, எந்த மெஷினும் அவற்றைக் காப்பாற்றாது. பிளக் பாயிண்ட் வரை தண்ணீர் ஏறியிருந்தால் எலெக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லும்வரை மெயினைத் தொடவே கூடாது. ஈரத்தரையில் நின்று ஓட்டுகிற மெஷின் இது. மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாத வீட்டில் ஓட்டாதீர்கள்.

இதன் அருமை அதற்குப் பிறகுதான் தெரியும். தரையெல்லாம் துடைத்தாயிற்று, ஃபேனும் ஓடுகிறது, ஆனாலும் நாற்றம் போகவில்லை. சுவரோடு சேர்த்து அடித்த அலமாரியின் அடிப்பலகையைக் கழற்றித் தட்டை நாசிலை உள்ளே விட்டோம். காய்ந்துவிட்டதென்று நம்பியிருந்த இடத்திலிருந்து கறுப்புத் தண்ணீர் சளசளவென்று ஏறி வந்தது. சமையல் மேடைக்கு அடியில், பால்கனிக் கதவு ஓடும் தண்டவாளத்தில் என்று வைப்பர் நுழையாத எல்லா இடத்திலும் இதே கதைதான். ஈரம் ஓரிரு நாள் நின்றாலே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும் என்பதால் அந்தச் சந்துகளை உடனே உறிஞ்சி எடுத்தது பெரிய காரியம். போன வருஷம் மேல்வீட்டுக் குழாய் உடைந்து எங்கள் சோபா நனைந்தபோதும் இதுதான் கைகொடுத்தது. அது நல்ல தண்ணீர். நாசிலை அழுத்தி இழுக்க இழுக்க சோபா லேசானது. இரண்டாம் நாள் உட்கார முடிந்தது.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். டிரம்மின் அடியில் தண்ணீர் வடிக்க ஒரு மூடி இல்லை. நிரம்பியதும் மிதவை மேலேறி உறிஞ்சலை அடைக்கும், மோட்டார் கீச்சென்று கத்தும். அணைத்து, இரண்டு பக்கக் கொக்கியையும் விடுவித்து, மோட்டார் தலையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சேற்றுத் தண்ணீர் தளும்பும் டிரம்மைக் குளியலறை வரை தூக்கிப் போய்க் கவிழ்க்க வேண்டும். வழியில் தளும்பினால் துடைத்த தரையை மறுபடியும் துடைக்க வேண்டும். இடுப்பு வலிக்காரியான என் மனைவி பாதிப் பாதியாக வாளியில் மொண்டுதான் காலி செய்தாள். வெள்ளம் வடிந்த வீட்டில் வேலை செய்கிறவர்கள் ஏற்கெனவே தூக்கமில்லாமல், சரியான சாப்பாடில்லாமல் துவண்டு கிடப்பவர்கள். அவர்களுக்காக ஒரு துளையும் திருகு மூடியும் வைக்க என்ன செலவாகிவிடும்? வண்டலும் முடியும் மிதவைக் கூண்டில் சிக்கி, பாதி டிரம்மிலேயே உறிஞ்சல் நின்றுபோவது இன்னொரு தொல்லை. சர்வீஸ் சென்டரில் இதைச் சொன்னபோது "எல்லா மெஷினும் அப்படித்தான் சார்" என்றார்கள். இல்லை, வடிகால் மூடியோடு வரும் மெஷின்களும் இருக்கின்றன.

வைத்திருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். தண்ணீர் உறிஞ்சும் முன் தூசிப் பையைக் கழற்றிவிட்டு ஸ்பாஞ்ச் ஃபில்டரை மாட்டுங்கள். சோப்பு நுரையை உறிஞ்ச விடாதீர்கள், நுரைக்கு மிதவை ஏறாது, நேராக மோட்டாருக்குப் போய்விடும். பிளீச்சிங் பவுடர் போட்ட தரையில் பாத்ரூம் ஆசிட்டை ஊற்றக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், குளோரின் வாயு கிளம்பும்.

சுவருக்கு இது எதுவும் செய்யாது. வெள்ளம் நின்ற கோட்டுக்கு மேலேயும் ஈரம் ஏறி உப்புப் பூத்தது. பொங்கலுக்குள் புட்டி பூசிவிடலாம் என்று பெயிண்டர் அவசரப்படுத்தினார். சித்திரை வெயில் வரை விட்டு வைத்துத்தான் பூசினோம், இன்றுவரை உரியவில்லை.

இந்த மெஷின் இல்லாமல் அந்த வீட்டில் திரும்பக் குடியிருந்திருக்க முடியாது. விலைக்குக் கேட்டால் கொடுக்கவும் மாட்டேன். ஆனால் நண்பரிடம் இந்த மாடல் வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். கடையில் டிரம்மைச் சாய்த்து அடியைப் பாருங்கள். வடிகால் மூடி இல்லையென்றால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.